மின்னிசைக் கருவியின் நினைவும் மறதியும்

இசைக்கருவிகளுட் பெரும்பாலானவை தம் ஒலியைத் தம் உடம்பிலேயே தாங்கியுள்ளன. ஆர்மோனியத்தின் ஒலி அதன் பித்தளை ரீடுகளில் உறைகின்றது. வீணையின் ஒலி அதன் தந்தியிலும் குடத்திலும் உறைகின்றது. அவற்றை ஈராண்டு பெட்டிக்குள் பூட்டிவைத்துப் பின்னர் எடுத்து வாசித்தாலும், சுருதி சற்றே பிறழ்ந்திருக்குமேயன்றி, ஆர்மோனியம் தன் குரலை மறந்திராது. ஆயின், சின்தசைசர் என வழங்கும் மின்னிசைக் கருவிகளுள், சில பத்தாண்டுகளுக்கு முன்னர்ச் செய்யப்பட்டவற்றிற்கு மறதி என்னும் நோய் உண்டு. நேற்று இரவு புல்லாங்குழல்போல் இசைத்தது, இன்று காலை பொருளற்ற இரைச்சலை எழுப்பும். பெயர் காட்டும் சிறு திரையில் எழுத்துகள் தாறுமாறாய்த் தோன்றும். அந்நோயின் காரணத்தையும், அதனை ஆராயும் முறையையும், தீர்க்கும் வழியையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

இப்பொருளைப் பண்ணைப்புரத்தினின்று தொடங்குதல் தகும். தேனி மாவட்டத்து உத்தமபாளையம் வட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தே அமைந்த அச்சிற்றூர், 1943இல் இளையராஜா பிறந்த ஊராகும். அவருடைய தமையனார் பாவலர் வரதராசன் ஊர்தோறும் மேடையேறிப் பாடிய நாளில், அச்சகோதரர்க்கு உற்ற துணையாய் நின்றது ஆர்மோனியமே. 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்து பத்தாண்டுகள் சென்றபின், 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ திரைப்படத்தின் இசையிலோ சின்தசைசரும், இசையை வரிசைப்படுத்தி இயக்கும் கணினியும் இடம்பெற்றன. துருத்தியை அழுத்தி வாசிக்கும் கருவியினின்று மின்னால் இயங்கும் கருவிவரை, ஒரு தலைமுறைக்குள் தமிழ்நாட்டு இசை கடந்த தூரம் இது.

இளையராஜா தம் இசையை மேனாட்டு இசைக்குறியீட்டில் தாளில் எழுதித் தருபவர் என்பது நாடறிந்த செய்தி. அவ்வாறு எழுதப்பெற்ற இசையைப் பல்லாண்டு கழிந்த பின்னரும் வேறொரு குழுவினர் வாசிக்கலாம். எந்தச் சுரம், எவ்வளவு நேரம், எத்துணை வலிவு என்பனவற்றைக் குறியீடு கூறும். வயலின் என்று தாளில் எழுதினால் வயலினை எடுத்து வாசித்தல் எளிது. ஆனால், சின்தசைசரில் வாசிப்போர் தாமே இயற்றிக்கொண்ட ஒலிநிறத்தை எந்தக் குறியீடும் கூறுவதில்லை. அது கருவியின் நினைவகத்தில் மட்டுமே வாழ்வது. அந்நினைவகத்தை உயிரோடு காப்பதோ, நாணயமளவே உள்ள ஒரு சிறு மின்கலம். தாளில் எழுதவியலாத ஒன்றைக் காத்துநிற்பது அம்மின்கலமே என்பதை உணர்ந்தால், அதன் பெருமை விளங்கும்.

நினைவகம் வந்த வரலாறு

ராபர்ட் மூக் என்னும் அமெரிக்கர் 1964இல் தம் சின்தசைசரை அமைத்தார். 1970இல் வெளிவந்த மினிமூக் என்னும் கருவிக்கும் நினைவகம் இல்லை. ஒலிநிறத்தை மாற்ற வேண்டின், குமிழ்களை ஒவ்வொன்றாகத் திருக வேண்டும். முன்னர் அமைத்ததை மீண்டும் பெற வேண்டின், குமிழ்களின் நிலையைத் தாளில் வரைந்து வைத்திருத்தல் வேண்டும். 1978இல் டேவ் ஸ்மித் என்பவர் அமைத்த ப்ராபெட்-5 என்னும் கருவி, நாற்பது ஒலியமைப்புகளைத் தன்னுள் வைத்து, ஒரு பொத்தானை அழுத்தியவுடன் தந்தது. 1983இல் ஜப்பானிய யமஹா நிறுவனத்தார் வெளியிட்ட டி.எக்ஸ்-7 என்னும் கருவி, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஜான் சௌனிங் கண்ட முறையைக் கைக்கொண்டது. முப்பத்திரண்டு ஒலியமைப்புகளைத் தன்னகத்தே வைத்திருந்தது. அதன்பின் ரோலண்டு டி-50 1987இலும், கோர்க் எம்-1 1988இலும் வெளிவந்தன. இவையனைத்தும் தம் நினைவைக் காக்க உள்ளே ஒரு மின்கலத்தை நம்பியிருந்தன.

மின்கலம் எற்றிற்கு எனின், கூறுவோம். அக்காலத்து நினைவகச் சில்லு, மின்னழுத்தம் உள்ளவரையே தன்னிடம் எழுதப்பட்டதை வைத்திருக்கும். அழுத்தம் அற்றால் எழுத்தும் அழியும். ஆயின், சும்மா வைத்திருப்பதற்கு அதற்கு வேண்டுவது மிகச் சிறிதே. இவ்வகைச் சில்லு 2 வோல்ட் அழுத்தமும் ஒரு சில மைக்ரோ ஆம்பியர் மின்னோட்டமும் பெற்றாற் போதும். ஆகவே, கருவியை நிறுத்தியதும் சுவரின்று வரும் மின்சாரம் விலகிக்கொள்ள, உள்ளிருக்கும் 3 வோல்ட் மின்கலம் அப்பொறுப்பை ஏற்கின்றது. இரண்டிற்கும் இடையே வாயிற்காப்போன்போல் டையோடு என்னும் உறுப்பு நிற்கும். அது மின்கலத்தினின்று நினைவகத்திற்கு மின்னைச் செல்லவிடும். கருவியின் மின்சாரம் மின்கலத்துள் திரும்பிப் பாயாதவாறு தடுக்கும்.

வயலும் கசிவும்

பெரும்பான்மையும் பயன்படுவது சி.ஆர்.2032 என்னும் லித்தியம் மின்கலம். அப்பெயரிலேயே அதன் அளவு அடங்கியுள்ளது. குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். அதன் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணி. நினைவகம் 5 மைக்ரோ ஆம்பியர் உண்ணுவதாகக் கொண்டால், இக்கொள்ளளவு 44,000 மணி நேரத்திற்கு, அஃதாவது ஐந்தாண்டுகளுக்குப் போதும். 2 மைக்ரோ ஆம்பியரே உண்ணுமாயின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேல் நிற்கும். எனவே, ஐந்தோ பத்தோ ஆண்டுகளுக்குப் பின் மின்கலம் வற்றுதல் நோயன்று, அது முதுமை. புதியதை இட்டால் தீரும்.

புதிதாக இட்ட மின்கலம் ஒரு திங்களில் வற்றுமாயின், அதுவே நோய். இதனைக் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் எவரும் எளிதில் உணர்வர். 1895இல் முல்லைப் பெரியாற்று அணை கட்டப்பட்டதன் பின்னர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வரும் நீரால் செழித்த நிலம் அது. கண்மாய் நிறைந்திருந்தும் பாய்ச்சல் முடியுமுன் நீர் வற்றினால், உழவர் மேன்மேலும் நீரை நிரப்பிக்கொண்டிரார். கரையில் நண்டு வளை உளதா, மடை சரியாக அடைபட்டதா எனத் தேடுவர். மின்கலம் கண்மாய், நினைவகம் வயல், இடையில் எங்கோ ஒரு நண்டு வளை. வளையை அடையாது மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொண்டிருத்தல் வீண்செலவு. அம்மட்டோ, ஒவ்வொரு முறையும் ஒலியமைப்புகள் அழிந்துபோதலால் பெருங்கேடுமாம்.

வளையின் அளவைக் கணக்கினாலேயே அறியலாம். 220 மில்லி ஆம்பியர் மணி கொண்ட மின்கலம் முப்பது நாளில், அஃதாவது 720 மணி நேரத்தில் வற்றிற்று எனக் கொள்வோம். வெளியேறிய மின்னோட்டம் ஏறக்குறைய 305 மைக்ரோ ஆம்பியர். வயலுக்கு வேண்டியதோ 5. ஏனைய 300 கசிவு. ஆறு திங்களில் வற்றினால் ஏறத்தாழ 50 மைக்ரோ ஆம்பியர். ஆகவே, மின்கலம் இட்ட நாளை ஒரு சிறு தாளில் எழுதி அதனருகே ஒட்டிவைப்பவர், மறுமுறை பாதி நோயை அத்தாளினாலேயே அறிந்துகொள்வர்.

முதலிற் செய்யத் தக்கது

கருவியைத் திறக்குமுன் செய்யத் தக்கது ஒன்றுண்டு. நினைவகம் இன்னும் உயிரோடிருப்பின், அதிலுள்ளனவற்றை வெளியே படியெடுத்து வைத்தல் வேண்டும். 1983இல் வகுக்கப்பட்ட மிடி என்னும் இணைப்பு முறையைக் கொண்ட பல கருவிகள், தம் ஒலியமைப்புகள் அனைத்தையும் ஒருங்கே கணினிக்கு அனுப்பவல்லன. டி.எக்ஸ்-7 கருவியின் முப்பத்திரண்டு ஒலியமைப்புகளும் 4,104 பைட்டுகளில் அடங்கிவிடும். ஒரு நிழற்படத்திற்கு வேண்டும் இடத்தில் ஆயிரத்திற் சிறு பங்கும் அதற்கு வேண்டா! மிடி வருவதற்கு முற்பட்ட கருவிகளுட் சில, ஒலிநாடாப் பதிவியின் வழியே படியெடுக்கும் வசதி உடையன. படியெடுத்ததை ஓரிடத்தன்று, ஈரிடத்தில் வைத்தல் நன்று.

அதன்பின் மின்கலத்தின் நிலையை அறிதல் வேண்டும். டி.எக்ஸ்-7 போன்ற சில கருவிகள் மின்கலத்தின் அழுத்தத்தைத் தம் திரையிலேயே காட்டும். கோர்க் எம்-1 போன்றவை மின்கலம் தாழ்ந்தவுடன் எச்சரிக்கும். பிறவற்றில், கருவியைத் திறந்து மல்டிமீட்டரால் அளத்தல் வேண்டும். 3 வோல்ட்டோ சற்று மேலோ இருப்பின் மின்கலம் நலமுடையது, 2.7 வோல்ட்டிற்குத் தாழ்ந்தால் மாற்றுதல் நலம். டையோடு தன் பங்கிற்குச் சிறிது அழுத்தத்தை எடுத்துக்கொள்வதால், நினைவகத்திற்குச் சேர்வது அதனினும் குறைவாகும் என்பதை மறத்தலாகாது. கருவியைத் திறக்குமுன் அதன் மின்கம்பியைச் சுவரினின்று பிடுங்கிவிடுதல் இன்றியமையாதது. உள்ளே மின்வழங்கும் பகுதியில் உயிர்க்கொல்லி அழுத்தம் உண்டாதலின், பழக்கமில்லாதார் அப்பகுதியைத் தொடாதிருத்தல் வேண்டும்.

நண்டு வளையைத் தேடுதல்

கசிவை அளக்கும் முறை எளிது. மின்கலத்தின் ஒரு முனையைச் சுற்றினின்று பிரித்து, இடையே 1,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, கருவி நிறுத்தப்பட்ட நிலையில் அத்தடையின் இரு முனைகளுக்கிடையே உள்ள அழுத்தத்தை அளத்தல் வேண்டும். 1 மில்லிவோல்ட் காட்டினால் 1 மைக்ரோ ஆம்பியர் ஓடுகின்றது என்பது பொருள். மின்கலத்தைப் பிரித்தால் நினைவு அழியுமாதலால், முன்னர்க் கூறிய படியெடுத்தல் இங்கே உதவும். நிறுத்திய உடனே அளவாது, சில நிமிடங்கள் பொறுத்து அளத்தல் வேண்டும். உள்ளிருக்கும் மின்தேக்கிகள் தம்மிடம் எஞ்சிய மின்னை விடுத்து ஓய்ந்த பின்னரே உண்மை புலப்படும். 5 மில்லிவோல்ட் காட்டினால் சுற்றில் குறையில்லை. மின்கலமே போலியானதாகவோ நெடுநாள் கடையிற் கிடந்ததாகவோ இருந்திருக்கும். நூற்றுக்கணக்கிற் காட்டினால் வளை உண்டு.

வளை இருக்கத்தக்க இடங்கள் நான்கு. அவற்றை எளியதினின்று அரியதிற்குச் செல்லும் முறையில் ஆராய்தல் அறிவுடைமை.

முதலாவது, அழுக்கும் ஈரமும். பற்றவைத்தபோது எஞ்சிய பிசின், தூசு, வியர்வையின் உப்பு, மழைக்காலத்து ஈரம் ஆகியவை கூடினால், மின்சுற்றுப் பலகையின் மேல் மெல்லிய பாலம் ஒன்று உண்டாகும். 300 மைக்ரோ ஆம்பியர் கசிவதற்கு ஏறக்குறைய 10,000 ஓம் தடையுள்ள ஒரு வழியே போதும். ஈரமுற்ற அழுக்கு அத்தகைய வழியை அமைக்கவல்லது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களின் வழியே சாரலைக் கொணரும் அடிவார ஊர்களில் இதனை முதலில் ஐயுறுதல் தகும். ஐசோப்ரொபைல் ஆல்ககால் தோய்ந்த மென்தூரிகையால் மின்கலத்தைச் சுற்றியுள்ள இடத்தைத் துடைத்து, நன்கு உலரவிட்டு, மீண்டும் அளத்தல் வேண்டும். காலையில் மிகுந்தும் நண்பகலில் குறைந்தும் காட்டும் கசிவு ஈரத்தால் விளைந்ததே.

இரண்டாவது, மின்தேக்கி. நினைவகத்திற்கு அண்மையில் அழுத்தத்தை நிலைநிறுத்தும் பொருட்டு மின்தேக்கி வைக்கப்பட்டிருக்கும். முப்பது நாற்பது ஆண்டு கடந்தவிடத்து, அவ்வகை உறுப்புகளுட் சில மின்னைத் தேக்காது ஒழுகவிடும். அதன் ஒரு காலைப் பலகையினின்று உயர்த்திவிட்டு அளந்தால், கசிவு நின்றதா என்பது தெரியும். நின்றதாயின், அதே அளவுள்ள புதியதை இடுக.

மூன்றாவது, வாயிற்காப்போனாகிய டையோடு. இது பழுதுற்றால் இரு தீங்கு நேரும். கருவி நின்றிருக்கும்போது மின்கலத்தின் மின் நினைவகத்திற்கு மட்டுமன்றிக் கருவியின் ஏனைய உறுப்புகளுக்கும் வழிந்தோடும் நிலை ஒன்று. கருவி இயங்கும்போது 5 வோல்ட் மின்சாரம் லித்தியம் மின்கலத்துள் புகும் நிலை மற்றொன்று. மீள ஏற்றுதற்கென அமையாத லித்தியம் மின்கலத்துள் மின்னைச் செலுத்துதல் தீங்கானது. அது வீங்கவும் வெடிக்கவும் கூடும். முன்கூறிய 1,000 ஓம் தடையைக் கொண்டே இதனை அறியலாம். கருவியை இயக்கியவுடன் தடையின் மேல் அழுத்தம் ஏறக்குறைய இல்லையாதல் வேண்டும். எதிர்த்திசையில் அழுத்தம் தோன்றுமாயின், டையோடு காவலைக் கைவிட்டது என்று துணிந்து, உடனே மாற்றுக.

நான்காவது, நினைவகச் சில்லும் அதனை உறங்கச்செய்யும் சுற்றும். கருவி நிற்கும் நொடியில், ‘இனி எழுதவும் படிக்கவும் வேண்டா; உறங்குக’ என்னும் குறிப்பைச் சில்லுக்குத் தரும் சிறு சுற்று ஒன்று உண்டு. அக்குறிப்புச் செல்லாவிடின், சில்லு விழித்தபடியே இருந்து பன்மடங்கு மின்னை உண்ணும். அச்சுற்றிலுள்ள டிரான்சிஸ்டரையும் அதனைச் சார்ந்த உறுப்புகளையும் சோதித்து, அவை நலமுடையனவாயின் சில்லையே ஐயுறுதல் வேண்டும். பலகையினின்று சில்லைப் பெயர்த்தல் தேர்ந்த கையினர்க்கே உரிய வேலையாதலின், இதனை இறுதியில் வைத்தோம்.

ஒழுகும் மின்கலம்

மேற்கூறியவை லித்தியம் மின்கலத்தைப் பற்றியன. வேறொரு வகையும் உண்டு. 1981இல் வெளிவந்த கோர்க் பாலிசிக்ஸ் போன்ற சில கருவிகளில், மீள ஏற்றத்தக்க நிக்கல் காட்மியம் மின்கலம் அமைந்திருந்தது. அது கருவி இயங்கும்போது மட்டுமே மின்னை ஏற்றுக்கொள்ளும். பல திங்கள் தொடாது கிடந்தால் தானே வற்றும். இவ்விடத்து நினைவு அழிதற்குக் காரணம் கசிவன்று, பயன்படுத்தாமையே. அதனினும் பெருந்தீங்கு, முதுமையுற்ற அம்மின்கலம் காரநீரைக் கசியவிட்டுப் பலகையின் செப்புக் கோடுகளை அரித்தல். பச்சையோ வெண்மையோ ஆன பூச்சு மின்கலத்தருகே தென்படின், ஒரு நாளும் தாழ்த்தாது அதனை நீக்குக. பொட்டாசியம் ஹைடிராக்சைடு காரமாதலின், சிறிதளவு வினிகரால் அதனை முறித்து, தூய நீராலும் பின் ஆல்ககாலாலும் கழுவி உலர்த்துதல் வழக்கம். அதனிடத்தில் லித்தியம் மின்கலத்தை வைக்க விரும்புவோர், மின்னேற்றும் வழியை அடைக்க ஒரு டையோடைச் சேர்த்தே வைத்தல் வேண்டும். அன்றேல் முன்கூறிய வெடிப்பு நேரும்.

புதிய மின்கலத்தை இடுவதிலும் கவனம் வேண்டும். மின்கலத்தின் மேல் நேரே சூட்டுக்கோலை வைத்துப் பற்றவைத்தலாகாது. வெப்பத்தால் அது கெடும், வெடிக்கவும் கூடும். பலகையில் ஒரு தாங்கியைப் பற்றவைத்து, அதில் மின்கலத்தைச் செருகினால், அடுத்த முறை ஈயமும் நெருப்பும் வேண்டா. நேர்முனை எதிர்முனை மாறாதிருத்தல் வேண்டும். கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகள் கையில் எட்டாதவாறு வைத்தல் கட்டாயம். விழுங்கப்பட்டால் உணவுக்குழாயைச் சில மணி நேரத்தில் புண்ணாக்கி உயிருக்கே ஊறு செய்யும்.

முடிவுரை

கருவி செய்தோர் முதலில் வைத்தனுப்பிய ஒலியமைப்புகள் அழிந்தால் பெரிதும் வருந்த வேண்டுவதில்லை. அவை உலகெங்கும் பலரிடம் படிகளாக உள்ளன. மிடி வழியே மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். ஆனால், திருவிழா மேடையிலும் திருமண மேடையிலும் வாசித்த கலைஞர் ஒருவர், நாகசுரத்தின் சாயலையோ உறுமியின் அதிர்வையோ பெறுதற்கு இரவெல்லாம் குமிழ்களைத் திருகி, எண்களை மாற்றி மாற்றி அமைத்து, தம் பெயரிட்டுச் சேமித்த ஒலியமைப்பு உலகில் ஒன்றே உண்டு. அவர் வாசிப்பை நிறுத்திக் கருவியைப் பரணில் ஏற்றிய பின்னரும், அவ்வொலி அங்கே இருளில், ஐந்து மைக்ரோ ஆம்பியரில் உயிர் வாழ்ந்துகொண்டிருக்கின்றது. மின்கலம் 2 வோல்ட்டிற்குத் தாழும் நாளில், ஓசையின்றி அஃது அழியும். அழிந்ததை வீட்டார் அறியவும் மாட்டார்; ‘பழைய பெட்டி, இனி உதவாது’ எனப் பழம்பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுவிடுவர்.

நம் முன்னோர் ஓலைச்சுவடிகளைச் செல்லுக்கும் தீக்கும் இரையாகவிட்டு இழந்தவை எத்தனையோ. எஞ்சியவற்றையும் தேடிப் படியெடுத்தோர் உழைப்பினாலேயே நாம் பெற்றோம். மின்னெழுத்துக்கும் அத்தகைய படியெடுப்போர் வேண்டும். ஆதலின், தம் வீட்டிலோ, ஆலயத்திலோ, ஊர் இசைக்குழுவின் அறையிலோ இத்தகைய கருவி ஒன்று இருக்கக் காணும் அன்பர்கள், முதலில் படியெடுக்க, பின்னர் அளக்க, கசிவு உளதாயின் அதனை அடைக்க, இறுதியிலேயே மின்கலத்தை மாற்றுக. இவ்வரிசையை மாற்றுவோர் கருவியைக் காப்பர். கருவி காத்துவைத்ததை இழப்பர். சில பத்து ரூபாய்க்கு மின்கலம் எக்கடையிலும் கிடைக்கும். அது காத்துநின்ற ஒலி எக்கடையிலும் கிடையாது.